மாற்றக் கோரிக்கை ஏழு

முதலில் அது ஒரு மனு.
ஜெலுத்தோங், புளோக் சி, பதினேழு மாடி,
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
அதில் மூன்று கைநாட்டு,
கடைசியில் யாரோ ஒரு பிள்ளை வரைந்த பூனை.
பூனையையும் எண்ணிக்கையில் சேர்த்தேன்.

மனு கோப்பானது. கோப்புக்கு எண் வந்தது.
திட்ட மேலாளர்: ச. தவமலர்.
அளவு நாடாவோடு பழைய லிஃப்டுக்குள் போய் நின்றேன்.
மூத்திர வாடை, சிகரெட் சுட்ட பொத்தான்கள்,
ஆலோங் ஒட்டிய கடன் விளம்பரம்.
ஆழம், ஒரு மீட்டர் நாற்பது.
எழுதிக்கொண்டேன்.
எழுதியதைப் பற்றி யோசிக்கவில்லை.

சுவர் முழுக்க அட்டவணை,
ஒரு நீலப் பட்டையின் வாலில்
அடுத்ததன் தலை.
அபாயப் பட்டியலில் நாற்பத்தொரு வரி:
மழை, சுங்கத்தில் சிக்கும் மோட்டார்,
அடுத்தடுத்து வரும் இரண்டு பெருநாள்,
வேலையாட்களின் பெர்மிட்.
"கடவுளுக்கே மாற்று ஏற்பாடு வைப்பாய் நீ,"
என்று சிரித்தான் பூன் தெய்க்.
வைத்துத்தான் இருந்தேன். வரி இருபத்தொன்பது.

ஆறாவது வாரம் இரண்டு லிஃப்டும் நின்றன.
பத்தொன்பது நாள்.
மூன்று மொழியில் அறிவிப்பு.
"சிரமத்திற்கு வருந்துகிறோம்":
தமிழில் நானே எழுதியது.
கேஸ் தோம்பு தோளில் ஏறியது,
அரிசி மூட்டை ஏறியது,
பள்ளிப் பைகள் மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறின.

பதினோராம் நாள், விடியற்காலை நான்கு இருபது.
பதினான்காம் மாடி, எட்டாம் எண் வீடு.
வீராசாமி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
எவ்வளவோ பாரத்தை
அலுங்காமல் தரைக்கு இறக்கியவர்.

படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டி திரும்பாது.
பூன் தெய்க் அளந்தான். நானும் அளந்தேன்.
இரண்டாம் முறையும் அளந்தேன்.

மிசானுர், ஷாஹின், இன்னும் இரண்டு பேர்
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
போர்வையில் அவரை ஏந்தினார்கள்.
பதினொன்றில் கை மாற்றினார்கள்.
ஏழில் ஒரு மலாய்க்காரர்
கைப்பேசி வெளிச்சத்தைப் படிமேல் பிடித்தார்.
மூன்றில் ஒரு சீனப் பெண், இரவு உடையில்,
செருப்பு அடுக்கைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டாள்.
பெட்டி கீழே காத்திருந்தது.
பத்து லஞ்சாங் போகும் வண்டியும்.

தனலெட்சுமி பின்னால் இறங்கி வந்தார்.
திட்டுவார் என்று நின்றேன்.
"ஏறத்தாம்மா அவருக்கு மூச்சு வாங்கும்," என்றார்.
"இறங்குறது லேசு."

அன்றைய அறிக்கை.
தாமதம்: அரை நாள்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்கு மேல் இடமில்லை.
"படிக்கட்டு" என்று எழுதினேன்.

அப்புறம்தான் மாற்றக் கோரிக்கை ஏழு.
புது லிஃப்டின் பின்சுவரில், இடுப்பு உயரத்துக்கு,
சாவி போட்டுத் திறக்கும் சின்னக் கதவு.
திறந்தால் அறுபது சென்டிமீட்டர் கூடும்,
ஒருவர் படுக்கலாம்.
தண்டுக்குள் அந்த இடம் முதலிலிருந்தே இருந்தது,
யாரும் கேட்காமல்.

மூன்று கூட்டம்.
பதினோராயிரத்து நானூறு ரிங்கிட்.
"வருடத்துக்கு எத்தனை முறை பயன்படும்?"
என்றார் கவுன்சில் ஹஸ்னா, நியாயமாகத்தான்.
என்னிடம் எண் இல்லை.
"ஆளுக்கு ஒரு முறை,"
என்றான் பூன் தெய்க்,
தாளிலிருந்து தலை தூக்காமல்.

ஒப்படைப்பு நாளில் ரிப்பன், பொட்டலம் பீஹூன்.
பிள்ளைகள் எல்லாப் பொத்தானையும் அமுக்கி
மாடிக்கு மாடி கதவு திறப்பதைப் பார்த்தார்கள்.
மிசானுர் அதற்குள் வேறு சைட்டில்.
குறைதிருத்தக் காலம் இருபத்து நான்கு மாதம்.
கற்ற பாடங்கள் என்று ஒரு பக்கம்;
மழை பற்றி எழுதினேன், மோட்டார் பற்றி எழுதினேன்.

சின்னக் கதவுக்குச் சாவி இரண்டு.
ஒன்று காவலாளி மேசையில்.
மற்றதைத் தனலெட்சுமி கேட்டு வாங்கினார்.
பெறுபவர் என்ற கோட்டில் பெயர் எழுதினார்,
பேனாவைத் திருப்பித் தரப்போனவர் நிறுத்தி,
நான் கேட்காமலேயே,
மாடி எண்ணையும் எழுதினார்.